கிரகணத்தன்று டிரங்குப் பெட்டியில் ஒரு புளியங்கன்று

தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. முன்பக்கம்: 16 பிப்ரவரி 1980, சனிக்கிழமை, சித்தார்த்தி வருடம், மாசி மாதம், அமாவாசை, சூரிய கிரகணம். பின்பக்கம் மேலே பென்சிலில் இரண்டு வரி, அடியில் நான் பிற்பாடு சேர்த்த ஒரு குறிப்பு. மேல் வரிகளின் கையெழுத்து என்னுடையது அல்ல, என் நாத்தனாருடையது. “அண்ணி சொல்றாங்க, விரிஞ்சிருக்கு. உலக்கை நிக்குது.”

வேறு யார் படித்தாலும் தலையும் புரியாது, வாலும் புரியாது. எனக்கோ அந்தத் தாளை எடுத்தாலே இன்றும் விரல் நுனியில் ஒரு பரபரப்பு ஏறும். அந்த வரியைச் சொன்ன நேரத்தில் நான் கும்மிருட்டில் உட்கார்ந்திருந்தேன். என் விரல் நுனியில் ஓர் இலை இருந்தது.

அப்போது அரியலூரில் ஸ்டேஷன் பக்கத்துத் தெரு ஒன்றில் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் பெரம்பலூரில் பருத்தி மண்டி ஒன்றில் கணக்கு எழுதினார். காலையில் பஸ் ஏறினால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். நான் வாசகசாலை ஒன்றில் அரை நாள் வேலை பார்த்தேன். அங்கே வரும் பத்திரிகைகளை அடுக்குவதற்கு முன் முழுக்கப் படித்துவிடுவது என் வழக்கம். இன்னொரு வழக்கமும் இருந்தது. கிழித்த காலண்டர் தாளைத் தூக்கிப் போட மாட்டேன். வேம்பு பூத்த நாள், முதல் ஈசல் வந்த நாள், கிணற்றில் தண்ணீர் இறங்கிய நாள் என்று பின்பக்கத்தில் குறித்து, சணலில் கோத்து ஆணியில் மாட்டுவேன். “அண்ணி ஈசல் வந்த சங்கதியக்கூட வுடாம எழுதுவாங்க” என்று நாத்தனார் கேலி செய்வாள்.

எங்கள் தெருமுனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. சாயங்காலமானால் அதன் சிற்றிலைகள் எல்லாம் ஜோடி ஜோடியாகக் கூம்பிவிடும். அதுவரை மரத்தடியில் இருந்த கெட்டி நிழல் சல்லடை போல ஆகும். நான் அதை ஒரு வருஷமாகக் கவனித்துவந்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தால் சீக்கிரமே கூம்பும். சரி, வெளிச்சம் குறைந்தால் கூம்புகிறது என்று முடிவு கட்டினேன். பிறகு பளிச்சென்று வெயில் அடிக்கும்போதே, சாயங்காலம் நெருங்கியதும் அது கூம்பத் தொடங்குவதையும் பார்த்தேன். அப்படியானால் அதற்கு வெளிச்சம் தெரிகிறதா, நேரம் தெரிகிறதா?

அந்தச் சமயத்தில்தான் ஒரு மாத இதழில் சின்னக் கட்டுரை படித்தேன். சில செடிகளைச் சுத்தமான இருட்டில் வைத்தாலும் விடிந்ததும் இலையை விரிக்கும், சாயங்காலம் மூடும், செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று எழுதியிருந்தது. இருட்டுக்குள் இருக்கிற செடிக்கு விடிந்தது எப்படித் தெரியும்? அந்தப் பக்கத்தை மூன்று தரம் படித்தேன். வீட்டுக்கு வந்து குழம்பைக் கருகவிட்டேன்.

கிரகணச் செய்தி தை மாதம் வந்தது. ஆந்திரா பக்கம் சூரியன் முழுக்க மறையும், நம் பக்கம் பெரும்பகுதி மறையும், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பிடித்து ஐந்து மணிவாக்கில் விடும் என்று போட்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மரம் விரிந்து நிற்கும் நேரத்தில் வானத்து விளக்கை யாரோ இறக்கி, மறுபடி ஏற்றப்போகிறார்கள். மரம் மூடினால் அது வெளிச்சத்தைப் பார்க்கிறது. மூடாவிட்டால் தன் கடிகாரத்தை நம்புகிறது. அந்த மூன்று மணி நேரம் மரத்தடியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு தரம் இப்படி வர எத்தனை காலமோ. மாசியில் மரம் பாதி இலையைக் கொட்டியிருக்குமே என்பது ஒன்றுதான் அப்போது என் கவலை.

நான் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தேன். அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. அத்தை, அதாவது என் மாமியார், சேர்த்திருந்தார்.

“மரம் மூடுனா என்ன, மூடாட்டி என்ன? ஒன் வயித்துல இருக்கறது மரமா?” என்றார். “சனிக்கெழம மத்தியானத்துலேருந்து உள் ரூம விட்டு நீ வெளிய வரக்கூடாது.”

கிரகணத்துக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மடியில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“எந் தங்கச்சி கொஞ்ச நேரம் வாசல்ல நின்னா. கிரகணம் புடிச்சிருந்தது அவளுக்குத் தெரியாது. பொறந்த புள்ளைக்கி மேலுதடு பொளந்திருந்துச்சு. பால் குடிக்கத் தெரியாம அது பட்ட பாட்ட நான் பாத்தேன். நீ படிச்சவ, ஒனக்குப் புத்தகத்துல போட்டிருக்கும். எனக்குக் கண்ணுல நிக்கிது.”

இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பின்கட்டில் துணி உலர்த்தும்போது, பால்பவுடர் டப்பாவில் நின்ற புளியங்கன்றைப் பார்த்தேன். கார்த்திகையில் சும்மா போட்ட கொட்டை ஒன்று முளைத்து ஒரு சாண் வளர்ந்திருந்தது. புளியும் ராத்திரியில் இலை கூம்பும் ஜாதிதான்.

மரத்திடம் நான் போக முடியாது. செடி என்னோடு உள்ளே வரலாமே.

“சரிங்கத்த, நீங்க சொன்னபடி உள்ளயே இருக்கேன். சத்தியம். ஆனா எங்கூட ஒருத்தர் வருவாங்க.”

“யாரு?”

“புளியங்கன்னு.”

“ஏன் அண்ணி, அதுக்கும் ஆறு மாசமா?” என்றாள் நாத்தனார். அத்தைக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே அனுமதியும் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கன்று இலை கூம்பியதும் உள் அறையிலிருந்த டிரங்குப் பெட்டியைக் காலி செய்தேன். பாச்சை உருண்டைகளைப் பொறுக்கி எறிந்து, ஈரத்துணியால் துடைத்து, டப்பாவை உள்ளே வைத்து மூடி, மேலே இரண்டு கம்பளியைப் போர்த்தினேன். நாளை மத்தியானம் வரை அதன்மேல் ஒரு துளி வெளிச்சம் படக்கூடாது. கட்டுரை சொன்னது உண்மையானால், நான் திறக்கும்போது இலை விரிந்திருக்க வேண்டும்.

தெருமுனை மரத்தையும் நான் கைவிடவில்லை. அன்றைக்கு ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடக்கும். வெளியே போவார் என்று நிச்சயமாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். எதிர்வீட்டு ஜவுளிக்கடை பாய். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். அவர்களுக்குக் கிரகணத்தின்போது தனித் தொழுகை உண்டு. பள்ளிவாசலுக்குப் போக அந்த மரத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

“போறப்ப எல விரிஞ்சிருக்கா, வர்றப்ப கூம்பியிருக்கா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க பாய்.”

“நான் தொழப் போறேம்மா. நீ மரத்துக்கு ஆஜர் எடுக்கச் சொல்றே” என்றார். ஆனாலும் தலையாட்டினார். பெரம்பலூர் ரோட்டு மரங்களைப் பார்க்கும் பொறுப்பை என் கணவரிடம் ஒப்படைத்தேன். அவரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

சனிக்கிழமை சீக்கிரமே சமையல் முடிந்தது. மத்தியானம் அத்தை உள் அறையைத் தயார் செய்தார். ஜன்னலில் கோணிப்பையைத் திணித்து, அதன்மேல் ஜமுக்காளத்தை ஆணியடித்தார். ஓட்டு இடுக்கில் எல்லாம் பழந்துணி. நான் உள்ளே போனதும் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் பழைய புடவை ஒன்றைச் சுருட்டி வைத்தார். என் வயிற்றில் ஒரு கதிர் படக்கூடாது என்பதற்காக அவர் கட்டிய அந்த இருட்டைப்போல, எந்த ஆராய்ச்சிக்காரரும் எனக்குக் கட்டித் தந்திருக்க முடியாது.

ஒன்றுதான் இடித்தது. கிரகண நேரத்தில் கர்ப்பிணி கத்தி, ஊசி தொடக்கூடாது, கோடு கிழிக்கக்கூடாது என்று என் பென்சிலையும் பிடுங்கிக்கொண்டார். எனவே கதவுக்கு வெளியே அலாரம் கடிகாரத்தோடும் காலண்டர் தாளோடும் நாத்தனார் உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள் என்று ஏற்பாடு.

“உலக்க நின்னுடுச்சு அண்ணி” என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நட்டுவைத்திருந்தார்கள். கிரகணம் பிடித்ததும் அது தானாக நிற்கும், விட்டதும் விழும் என்பது வழக்கம். வீட்டுக்குள் அத்தைக்கு ஒரு கடிகாரம், நாத்தனாருக்கு ஒரு கடிகாரம். மூன்றாவது கடிகாரம் என் பக்கத்தில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது.

கம்பளியை விலக்கி மூடியைத் தூக்கினேன். கண்ணுக்கு முன்னால் என் கையே தெரியவில்லை. விரலை மெல்ல உள்ளே விட்டேன். இதற்காகத்தான் தொட்டாற்சுருங்கியை விட்டுப் புளியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். புளி தொட்டால் கூம்பாது. கூம்பிய புளி இலை மெல்லிய குச்சி மாதிரி இருக்கும். விரிந்தது இறகு மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் தடவித் தடவி ஒரு வாரம் பழகியிருந்தேன்.

விரலில் முதலில் பட்டது இலை அல்ல. நீளமாக, சொரசொரவென்று, ஓரத்தில் கூராக ஒன்று கன்றின்மேல் குறுக்கே கிடந்தது. ஒரு நொடி பயந்துவிட்டேன். எடுத்து முகர்ந்தேன். தர்ப்பை.

“அத்த” என்று கூப்பிட்டேன். “பொட்டியத் தொறந்தீங்களா?”

“ஆமா. தண்ணிக் குடத்துக்கு, ஊறுகா ஜாடிக்கு, மாவுக்கு எல்லாத்துக்கும் போட்டேன். அதுவும் பச்சப்புள்ளதானே, அத மட்டும் வுட்டுட முடியுமா?”

கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போனபோது அவர் வாங்கி வந்திருந்த கட்டு அது. ஒரு நாள் முழுக்கக் காத்த இருட்டு. பெட்டியைத் திறந்தால் வெளிச்சம் பட்டிருக்கும். வெளிச்சம் பட்டதால்தான் விரிந்தது என்று யாரும் சொல்லிவிடலாம்.

“எப்ப அத்த தொறந்தீங்க? வெளிச்சமா இருந்துச்சா?”

“எங்க வெளிச்சம்? விடியறதுக்கு மின்ன. கரண்ட் இல்ல. தட்டுத் தடவித்தான் வச்சேன்.”

“அப்ப எல எப்படி இருந்துச்சு? குச்சியாட்டம் இருந்துச்சா, விரிஞ்சிருந்துச்சா?”

“ஏம்மா, தூங்கறத எழுப்பக்கூடாதேன்னு பதவிசாத்தான் வச்சேன். கொத்தமல்லிக் கட்டாட்டம் ஒடுங்கிக் கெடந்துச்சு.”

மறுபடி விரலைப் பெட்டிக்குள் விட்டேன். இறகு. அடி இலை, அதற்கு மேலே, நுனி, எல்லாமே இறகு. தட்டையாக, அகலமாக, பகலில் வெயிலில் இருப்பது போலவே விரிந்திருந்தது. விடியுமுன் இருட்டில் ஒடுங்கிக் கிடந்தது. நடுவில் சூரியனைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்க்கவில்லை. இருட்டுப் பெட்டிக்குள்ளேயே விடிந்ததென்று தெரிந்துகொண்டு தானே விரித்திருக்கிறது. அத்தை திறந்திருக்காவிட்டால் அது ராத்திரி மூடியே இருந்ததா என்பதற்கே எனக்குச் சாட்சி இல்லை. அரை நிமிஷம் முன்பு என் சோதனையைக் கெடுத்துவிட்டார் என்று நினைத்த அதே கை, என்னால் எடுக்க முடியாத ஒரு கணக்கை எனக்காக எடுத்து வைத்திருந்தது.

“எழுது பாப்பா, எழுது. விரிஞ்சிருக்கு.”

“எழுதிட்டேன். உலக்க நிக்கிறதயும் எழுதவா?”

“எழுது.”

அதன்பிறகு உட்கார முடியவில்லை. இருட்டில் நாலு எட்டு நடப்பேன், திரும்பி வந்து இலையைத் தொடுவேன். வெளியே வெளிச்சம் மாறத் தொடங்கிவிட்டது என்று நாத்தனாரின் குரலிலேயே தெரிந்தது.

“அண்ணி, அடுப்படி ஓட்டு ஓட்ட வழியா தரையில வட்டமா வெளிச்சம் வுழும்ல? அது இப்ப பெறையாட்டம் இருக்கு. தரையெல்லாம் குட்டிக் குட்டிப் பெற.”

“ஏய், அதப் பாக்காத. மொறத்தப் போட்டு மூடு” என்றார் அத்தை.

“தரையத்தானம்மா பாக்கறேன், ஆகாசத்தயா பாத்தேன்?”

முறத்தைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. நாலு வீடு தள்ளி மரம் நிற்கிறது. இப்போது, இந்த நொடியில், அது மூடுகிறதா மூடவில்லையா என்பது முடிவாகிக்கொண்டிருக்கிறது. கதவில் தாழ்ப்பாள்கூட இல்லை. தள்ளினால் திறக்கும். கையைக் கதவில் வைத்தேன் என்பது உண்மை. அந்தப் பக்கத்தில் அத்தை மெல்லிய குரலில் பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. கையை எடுத்துவிட்டு மறுபடி பெட்டிப் பக்கம் போனேன். அங்கே இறகு அப்படியே இருந்தது. அதற்குக் கிரகணமும் தெரியாது, அமாவாசையும் தெரியாது. தன் கணக்குப்படி அதற்கு நல்ல மத்தியானம்.

உலக்கை விழுந்த சத்தம் நன்றாகவே கேட்டது. வீட்டைக் கழுவிவிட்டு, அத்தை குளித்து, பிறகுதான் என்னைக் குளிக்கக் கூப்பிடுவார். அந்த இடைவெளியில் கடைசியாக ஒரு தரம் தொட்டேன். அடி இலைகள் தட்டையாக இல்லை. இரண்டு பக்கச் சிற்றிலைகளும் ஒன்றையொன்று தேடி நெருங்கத் தொடங்கியிருந்தன. சாயங்காலம் ஆகிவிட்டது என்று அதற்கு யார் சொன்னார்கள்? “கூம்புது பாப்பா, கூம்புது” என்று நான் போட்ட கூச்சலில் அத்தை ஈரப்புடவையோடு ஓடிவந்தார், எனக்கு வலி கண்டுவிட்டது என்று.

இருட்டியபின் கணவர் வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

“பாத்தேன், பாத்தேன். பஸ்ஸுல வர்றப்ப ரோட்டு மரம் எல்லாம் மூடித்தான் இருந்துச்சு.”

“மணி என்ன?”

“ஆறே கால் இருக்கும்.”

“ஆறே காலுக்குத் தெனமும்தான் மூடியிருக்கும். கிரகணத்தப்ப எங்க இருந்தீங்க?”

“மொதலாளி ஷட்டர எறக்கிட்டாரு. எல்லாரும் பஞ்சு மூட்ட மேல படுத்துத் தூங்கிட்டோம்” என்றார். அத்தைதான் அவருக்குத் துணைக்கு வந்தார். “புள்ள களைச்சு வந்திருக்கான். மரம் நாளைக்கும் அங்கயேதான் இருக்கும்.”

மறுநாள் காலையில் பாயைப் பிடித்தேன்.

“போறப்ப நல்லா விரிஞ்சிருந்துச்சும்மா. வர்றப்ப பாத்தேன், பாதி கூம்பியிருந்துச்சு.”

“வர்றப்ப மணி என்ன பாய்?”

“கிரகணத் தொழுகையில யாரும்மா கடியாரம் பாப்பாங்க? ஒவ்வொரு ரக்அத்தும், அதான் தொழுகைச் சுத்து, நீளம். முடிச்சு துஆ கேட்டுட்டு வந்தேன்.”

“வெளிச்சம் எப்படி இருந்துச்சு? திரும்பி வந்துடுச்சா?”

“மங்கலாத்தான் இருந்துச்சுன்னு நெனக்கிறேன். செம்புப் பாத்திரத்துல பட்ட வெளிச்சமாட்டம்.”

“அசர் பாங்கு அப்ப சொல்லியாச்சா?”

இங்கேதான் அவர் யோசித்தார். “அதுக்கு முன்னாடியே கௌம்பினேன். இல்ல, இரு. அசரயும் தொழுதுட்டு வந்தேனா? அல்லா அறிவான். நீ பாதின்னு எழுதிக்க.”

அசர் என்பது சாயங்காலத் தொழுகை. அதற்கு முன்பு என்றால் கிரகண இருட்டு. பின்பு என்றால் மரம் அன்றாடம் மூட ஆரம்பிக்கும் நேரம். எனக்கு வேண்டிய விடை அந்த இரண்டுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது.

புளியங்கன்றை நான் சும்மா விடவில்லை. இரண்டு வாரம் வெளியே வைத்துத் தேற்றினேன். பிறகு பங்குனி முழுக்க, வேறு கன்றுகளையும் சேர்த்து, அதே பெட்டியில் திரும்பத் திரும்பச் சோதித்தேன். தர்ப்பை போடக்கூடாது என்று அத்தையிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு தரமும் இருட்டிலேயே விரிந்தது, இருட்டிலேயே கூம்பியது. இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இருட்டில் வைத்தால் அது விரியும் நேரம் வெளியே இருக்கும் கன்றின் நேரத்தோடு ஒட்டாமல் மெல்ல நழுவியது. எங்கள் அலாரம் கடிகாரத்தை ரேடியோ செய்தி நேரத்துக்குத் திருத்தாமல் விட்டால் தள்ளிப்போகுமே, அதே மாதிரி. மறுபடி ஒரு காலை வெயிலில் வைத்ததும் சரியாகிவிட்டது. கடிகாரம் செடிக்குள் இருக்கிறது. தினமும் அதற்கு நேரம் திருத்திவைப்பது விடியல். வெளிச்சமா நேரமா என்று நான் கேட்ட கேள்வியே பாதிதான் சரி. இரண்டும்தான்.

இதை ஒத்துக்கொண்ட பிறகு பார்த்ததெல்லாம் புதிதாகத் தெரிந்தது. என் பிறந்த வீடு வேப்பந்தட்டைப் பக்கம். அங்கே ஆடியில் ஊன்றிய அவரையும் ஆவணியில் ஊன்றிய அவரையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே பூக்கும். சித்திரையில் தப்பி முளைத்தது வெறும் கொடியாகக் கூரைமேல் ஓடிக்கொண்டே இருக்கும். சின்ன வயதில் அதை அவரையின் பிடிவாதம் என்று நினைத்தேன். பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். இலையில் வெளிச்சத்தை உணரும் ஒரு நிறமி இருக்கிறது. அதையும் உள்ளே ஓடும் கடிகாரத்தையும் வைத்து, இரவு போதுமான அளவு நீண்டுவிட்டதா என்று கொடி அளந்துகொண்டே இருக்கிறது. நீண்டது என்று தெரிந்த பிறகுதான் இலை விடுவதை விட்டுப் பூ எடுக்கிறது. பெட்டிக்குள் என் விரல் தொட்ட கடிகாரமும், அவரைக்கு ஐப்பசி கடந்துவிட்டது என்று சொல்லும் கடிகாரமும் ஒரே வகை. இதைப் படித்த அன்று என் கணவரைப் பாதிச் சாப்பாட்டில் நிறுத்திச் சொன்னேன். “இப்பவும் மணி கேப்பியா?” என்றார்.

வைகாசியில் மகள் பிறந்தாள். அத்தை முதலில் அவள் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய சோதனையும் அவர் எதிர்பார்த்தபடியே முடிந்திருந்தது.

தெருமுனை மரத்தைப் பற்றி அதன்பின் பல வருஷம் விசாரித்தேன். ஸ்டேஷனில் வேலை பார்த்தவர்கள், பஸ் ஓட்டியவர்கள், சுண்ணாம்புக்கல் லாரிக்காரர்கள். எல்லாருமே அன்றைக்கு உள்ளே இருந்தார்கள், இருட்டானது ஞாபகம் இருக்கிறது, மரம் ஞாபகம் இல்லை. பாயிடம் கேட்கும்போதெல்லாம் பாதி என்பதில் உறுதியாக இருந்தார். நேரத்தில் மட்டும் ஒரு தரம் அசருக்கு முன் என்பார், ஒரு தரம் பின் என்பார். ஆகவே அந்தக் காலண்டர் தாளின் அடியில் பிற்பாடு என் கையெழுத்தில் சேர்த்திருப்பதையே இங்கும் எழுதுகிறேன்: தூங்குமூஞ்சி மரம் கிரகண இருட்டில் பாதி கூம்பியதாக ஒருவர் சொன்னது. நேரம் உறுதியில்லை. இரண்டாவது சாட்சி கிடைக்கவில்லை. சரிபார்க்கப்படவில்லை.